ஃபேன் அலறும் வீடுகளுக்கு

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் குளக்கரையிலும் மணக்காடு, அட்டக்குளங்கரைப் பக்கத்துச் சந்துகளிலும் கேமிங் லேப்டாப் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அதற்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்கும் ஒரு மடல்.

இந்த மடல் லேப்டாப்பின் சூட்டைப் பற்றியது. விளையாடாதே என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள். எழுபதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து வாங்கிய பெட்டி மூன்றாம் வருஷம் படுத்துவிடாமல், பி.டெக். முடித்து வேலைக்குப் போகும்வரையாவது உழைக்க வேண்டும். அக்கறை அவ்வளவுதான்.

பெட்டி படுத்தால் பழி கம்பெனி மேல் விழும், இல்லையென்றால் விளையாடிய பிள்ளை மேல் விழும். ஊரின் பங்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லேப்டாப் விமர்சனங்களில் வரும் சூட்டுக் கணக்கு பெரும்பாலும் ஏசி போட்ட அறையில், 23, 24 டிகிரியில் எடுத்தது. திருவனந்தபுரத்தில் மீன மாதமும் மேட மாதமும் அப்படியா இருக்கின்றன? பகலில் 33 டிகிரி, இரவில் 25-க்குக் கீழே இறங்குவதே அரிது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையென்றால், பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் பாதி ராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும். அதே விளையாட்டு, அதே ஃபேன் வேகம் என்று வைத்துக்கொண்டால், அறையில் ஒரு டிகிரி ஏறும்போது சிப்பிலும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். விமர்சகர் மேசையில் 82 காட்டிய கிராபிக்ஸ் சிப் இங்கே 90-ஐத் தொட வேண்டியதுதான். ஆனால் தொட முடியாது, அதற்கு முன்பே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்களில் வரும் என்விடியா சிப்கள் பெரும்பாலும் 87 டிகிரி அருகே அதைச் செய்கின்றன. இன்டெல் பிராசஸர்களுக்கு எல்லை பொதுவாக 100. ஏஎம்டிக்கு மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை.

இதனால்தான் பிராசஸர் 95 காட்டுகிறதே என்று பதறுவதில் பெரிய அர்த்தம் இல்லை. சிலிக்கான் அதைத் தாங்கும், தாங்காத இடத்தில் தானே அடங்கும். தாங்காதவை அதன் அக்கம்பக்கத்தார்: மின்சாரத்தைச் சீராக்கித் தரும் கெப்பாசிட்டர்கள், ஃபேனின் பேரிங், கையூன்றும் இடத்துக்குக் கீழே படுத்திருக்கும் பேட்டரி, சிப்பைப் பலகையோடு பிணைக்கும் ஈயப் பற்று. வெப்பம் கூடினால் வேதிவினை எவ்வளவு வேகமெடுக்கும் என்பதற்கு ஸ்வீடன் விஞ்ஞானி அரீனியஸ் 1889-லேயே சமன்பாடு எழுதிவிட்டார். அதை வைத்துத்தான், பத்து டிகிரி சூடு கூடினால் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்ற நடைமுறைக் கணக்கைப் பொறியாளர்கள் இன்றும் போடுகிறார்கள்.

ஈயப் பற்றின் கதை இன்னும் சுவாரசியமானது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டீர்கள். 2008 ஜூலையில் என்விடியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது: லேப்டாப்களுக்குக் கொடுத்த முந்தைய தலைமுறைச் சிப்கள் சில வழக்கத்துக்கு மீறிப் பழுதாகின்றன, அந்தச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குகிறோம் என்று. கம்பெனியின் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. சிப்பையும் அதன் அடிப்பலகையையும் இணைக்கும் நுண்ணிய ஈயப் புள்ளிகள் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, மறுபடி விரிந்து, கடைசியில் விரிசல் விட்டிருந்தன. எச்பி, டெல், ஆப்பிள் மூன்றுமே மாட்டிக்கொண்டன. 8600எம் ஜிடி சிப் வைத்த மேக்புக் புரோக்களை வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஆப்பிள் அந்த அக்டோபரில் அறிவிக்க வேண்டியிருந்தது.

அந்த அறிவிப்பில் என்விடியா தன் பொருளின் பலவீனத்தை மட்டும் காரணமாகச் சொல்லவில்லை. லேப்டாப்பின் வெப்ப வடிவமைப்பும், வாங்கியவர்கள் அதைப் பயன்படுத்திய விதமும்கூடக் காரணம் என்றது. பழியைப் பங்குபோடும் தந்திரம் என்று அன்றைக்குப் பலர் சிரித்தார்கள். சிரித்ததில் தப்பில்லை. ஆனால் எச்பியும் டெல்லும் கொடுத்த பரிகாரத்தைப் பாருங்கள்: ஃபேனை இன்னும் அதிக நேரம் ஓடவைக்கும் பயாஸ் அப்டேட். சூடு ஏறி இறங்கும் வீச்சைக் குறைத்தால் விரிசல் தள்ளிப்போகும் என்பது அதன் உள்கணக்கு.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் ரீபாலிங் என்ற சொல் பிரபலமானது இந்த வகைப் பழுதால்தான். சிப்பைக் கழற்றி, அடியில் புது ஈயக் குண்டுகள் வைத்து மறுபடி ஒட்டுவார்கள். சில சமயம் வெறும் ஹீட்கன்னால் சூடு காட்டுவதோடு சரி. இரண்டு மாதம் ஓடும், மறுபடி கறுப்புத் திரை. விரிசல் இருந்தது சிப்பின் உள்ளே. கடைக்காரர் மாற்றியது அதற்கு வெளியே இருக்கும் குண்டுகளை. இன்றைக்கும் ‘சூடு காட்டினால் சரியாகிடும் சாரே’ என்று யாராவது சொன்னால், எந்தப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

மைக்ரோசாஃப்டும் இதில் கையைச் சுட்டுக்கொண்டது. எக்ஸ்பாக்ஸ் 360-ல் சிவப்பு வளையம் எரிந்து பெட்டி செத்துப்போனதற்கு 2007-ல் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். காரணத்தை அந்தக் கம்பெனிக்காரர்களே 2021-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் விளக்கினார்கள்: பெட்டியைப் போட்டு அணைக்கும்போதெல்லாம் ஏற்படும் சூடும் குளிரும் இணைப்புகளை உடைத்துவிட்டன.

ஆக, மீட்டரில் தெரியும் உச்ச எண்ணைவிட ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை டிகிரி ஏறி இறங்குகிறது என்பதில் கண் வைக்க வேண்டும். ஆட்டம் முடிந்த கையோடு மூடியைச் சாத்திப் பையில் திணிப்பது இந்த வகையில் மோசமான பழக்கம். ஃபேன் நின்றுவிடும், உள்ளே இருக்கும் சூடு போக வழி இருக்காது. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் பல, மூடிவைத்த பிறகும் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அப்டேட் தேடி விழித்துக்கொள்ளும். பாப்பனங்கோடு வரை பஸ்ஸில் போய்ப் பையைத் திறந்தால் பெட்டி கொதித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். விளையாடி முடித்ததும் ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு, முழுக்க ஷட்டவுன் செய்து, பிறகு பையில் வைத்தால் போதும்.

காற்றோட்டம் என்றால் என்ன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இங்கே கட்டிய கட்டடங்களைப் பார்த்து வளர்ந்த ஊர். உள்ளூர் என்ற பகுதியில் 1970-களில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மையத்தில் அவர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலிச் சுவர் வைத்தார். காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனி வழி இருந்தால் மின்விசிறியை அதிகம் நம்ப வேண்டாம் என்று காட்டினார். லேப்டாப்பும் அதே மாதிரி ஒரு வீடுதான். கீழ்ப்பக்கம் மூச்சிழுக்கும், முதுகுப்பக்கமும் விலாப்பக்கமும் மூச்சு விடும். மெத்தைமேல் வைத்தால் வாசல் அடைந்துபோகும். சுவரோடு ஒட்டி வைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வைக்க ஒரு பழைய புத்தகமோ இரண்டு மரத்துண்டோ போதும். ஆயிரம் ரூபாய்க்கு விற்கும், நீல விளக்கு எரியும் கூலிங் பேடுகள் பெரும்பாலும் செய்வது இந்தத் தூக்கும் வேலையை மட்டும்தான்.

இனி, இந்த மடல் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஸ்ரீவராகத்துக் காற்றே வெதுவெதுப்பானது. அதை எவ்வளவு வேகமாக ஊதினாலும் ஓரளவுக்கு மேல் பயன் தராது. சூட்டை விரட்டுவதில் செலவழிக்கும் காசையும் கவலையையும், சூடு பிறப்பதைக் குறைப்பதில் செலவழித்தால் பலன் பல மடங்கு. இதற்குக் காசும் வேண்டாம்.

முதலில் ஃபிரேம் கணக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது. 144 ஹெர்ட்ஸ் திரையில் கதை விளையாட்டு ஆடுகிறவர் 60-லோ 75-லோ பூட்டு போட்டால் சிப்பின் வேலை பெருமளவு குறைந்துவிடும். வேலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். அவர்கள் 144-ல் பூட்டினாலே நல்லது, பூட்டு இல்லாவிட்டால் பெட்டி 300-க்குப் பாயும். எல்லோரும் மறக்கும் இடம் ஒன்று உண்டு: மெனுத் திரை. ஒன்றுமே நடக்காத அந்தப் படத்தைச் சில விளையாட்டுகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வரைந்து தள்ளும். 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்ட் சோதனை ஓட்டத்தின்போது விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்துப்போனது நினைவிருக்கலாம். அந்தக் கார்டுகளில் சால்டரிங் குறை இருந்ததாக அவற்றைத் தயாரித்த ஈவிஜிஏ பிறகு சொன்னது. ஆனாலும் அமேசான் உடனே செய்தது, மெனுத் திரைக்கு ஒரு ஃபிரேம் பூட்டுப் போட்டதுதான். அது டெஸ்க்டாப் கார்டு. லேப்டாப்புக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகவே பொருந்தும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பூட்டு வைக்கலாம்.

அடுத்தது மின்னழுத்தம். சிப் இயங்கும்போது தின்னும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். பிளஸ் டூ பிசிக்ஸ் மறக்காதவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால், 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கி 0.81, அதாவது 19 சதவீத மின்சாரம் மிச்சம். மின்சாரம் மிச்சமானால் சூடும் மிச்சம். கிராபிக்ஸ் சிப்புக்கு இதை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஒரு வளைகோட்டை இழுத்துச் செய்யலாம். குறைத்தது அதிகமானால் விளையாட்டு நின்றுபோகும், மறுபடி ஏற்றிக்கொண்டால் சரி.

பிராசஸருக்கும் முன்பெல்லாம் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளை வைத்து இதைச் செய்தார்கள். 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்னழுத்தத்தைக் குலைத்தே இன்டெல் சிப்பின் ரகசியங்களைக் கறக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள். பிளண்டர்வோல்ட் என்று பெயர். அதன்பிறகு கம்பெனிகள் பயாஸ் வழியாக அந்தக் கதவைச் சாத்திவிட்டன. சில மாடல்களில் மட்டும் திறந்திருக்கிறது. கதவு சாத்தியவர்களுக்கு ஒரு சுற்றுவழி உண்டு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் உச்ச அளவை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால் டர்போ பூஸ்ட் என்ற கூடுதல் வேகம் நின்றுவிடும். சில லேப்டாப்களில் இந்த வரியை மறைத்து வைத்திருப்பார்கள், தேடித்தான் எடுக்க வேண்டும். பாரம் முழுக்கக் கிராபிக்ஸ் சிப்பில் விழும் விளையாட்டுகளில் இதனால் ஃபிரேம் பெரிதாகக் குறையாது, பிராசஸரின் சூடு கண்ணெதிரே இறங்கும். செய்ததன் பலனை எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரியான இலவச மென்பொருளில், அதே விளையாட்டை அதே அறையில் இருபது நிமிஷம் ஆடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘ஒரு ஏசி போட்டால் தீர்ந்ததே’ என்று சிலர் கேட்பார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்ப அலை அறிவிக்கப்பட்ட நாட்களில் கேரளம் முழுக்க அப்படித்தான் நினைத்தது. ஒரு நாள் மின் நுகர்வு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. லேப்டாப் 200 வாட் இழுத்து நாலு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்கூட ஆகாது. ஒரு டன் ஏசி மணிக்கே ஏறத்தாழ ஒரு யூனிட் கேட்கும். மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் கட்டணம் என்பது கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் கணக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த பில்லை வாங்கிப் பார்க்கும் பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஏசி இருக்கிற வீடுகளில் வேறொரு சங்கதியும் உண்டு. இங்கே கோடைக் காற்றில் ஈரம் அதிகம்; 24, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் அது நீராகப் படியும். ராத்திரி முழுக்க 20 டிகிரியில் அணைந்து கிடந்த லேப்டாப்பைக் காலையில் ஹாலுக்குக் கொண்டுவந்து உடனே ஸ்விட்சைப் போட்டால், கண்ணாடி டம்ளர் வேர்ப்பதுபோல் உள்ளே தகடுகள் வேர்த்திருக்கக்கூடும். பைக்குள் போட்டு மூடி, அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது. ஏசியை 26-ல் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஈரத்தோடு உப்பும் புகையும் சேர்ந்துகொள்கின்றன. பீமாபள்ளி, வலியதுறைக் கடல் இங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர்தான். வீட்டுக்குள்ளே விளக்கு, சாம்பிராணி, ஊதுபத்தி. கும்ப மாதத்தில் ஆற்றுகால் பொங்கலை அன்று தெருவெங்கும் செங்கல் அடுப்பு. 2009 மார்ச் 10-ம் தேதி பொங்கலிட்ட 25 லட்சம் பெண்கள் கின்னஸில் ஏறினார்கள். அந்தக் கணக்கில் ஸ்ரீவராகம் வாசல்களில் அடுப்பு மூட்டியவர்களும் உண்டு. ஓலையும் சிரட்டையும் எரிந்து எழும் அந்தக் கரியும் சாம்பலும் ஜன்னல் வழியாக வந்து எங்கே போய்ச் சேரும்? நிமிஷத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றிக் காற்றை உறிஞ்சும் ஃபேன் எந்த மேசையில் இருக்கிறதோ அங்கேதான். அன்றைக்கு ஒரு நாள் பெட்டியை அணைத்து மூடி, மேலே ஒரு துணி போட்டு வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கலாம்.

தூசி எங்கே தங்குகிறது என்று திறந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடிமூடியில் பத்துப் பன்னிரண்டு திருகாணிகள் இருக்கும். பின்வரிசையில் இருப்பவை பல மாடல்களில் நீளமானவை, கலந்துவிடாமல் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் குத்தி வைக்க வேண்டும். மூடி வந்ததும் முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். ஃபேன் இறக்கைகள் சுத்தமாகத் தெரிந்தால் ஏமாந்துபோகாதீர்கள். ஃபேனைத் தூக்கினால் அதற்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில், விரல் அகலத்தில், கம்பளித் துணி மாதிரி ஒரு பட்டை உட்கார்ந்திருக்கும். சாம்பிராணி எண்ணெயும் ஈரமும் சேர்ந்து இறுகியிருப்பதால் வெளியிலிருந்து ஊதினால் அது அசையாது. சாமணத்தால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். பிரஷ் போடும்போதும் ஊதும்போதும் ஃபேன் சுற்றாமல் ஒரு பல்குத்தியால் தடுத்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பேரிங் கெடும். வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். பொங்கலைக்குப் பிந்திய வாரம் அதில் ஒன்றாக இருக்கட்டும்.

சிப்புக்கும் செம்புக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட், சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். சுத்தம் செய்தும் சூடு இறங்கவில்லையென்றால் அதை மாற்றும் நேரம். மாற்றுகிறவர்கள் இப்போது ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாளைத் தேடுகிறார்கள். 45 டிகிரி வாக்கில் இளகிப் பரப்பெல்லாம் படரும் தாள் அது, பேஸ்ட் மாதிரி ஓரத்துக்கு ஓடாது. கடையில் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் மாடலில் லிக்விட் மெட்டல் இருக்கிறதா? அசூஸ் 2020 முதல் தன் ஆர்ஓஜி லேப்டாப்கள் பலவற்றில் அதைப் போடுகிறது. அது காலியம் கலந்த திரவ உலோகம், மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். தெரியாமல் துடைக்கிறவர் கையில் ஒரு சொட்டு சிதறிப் பலகையில் விழுந்தால் அத்தோடு பெட்டியின் கதை முடிந்தது.

கடைசியாகப் பேட்டரி. இந்த ஊரில் கேமிங் லேப்டாப்களுக்கு முதலில் போவது இதுதான், அதையும் பெரும்பாலும் கெடுப்பது சார்ஜர். பெட்டி எந்நேரமும் செருகியே இருக்கும், பேட்டரி எந்நேரமும் நூறில் இருக்கும், அதன் மேல் சூடு. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இசிடோர் புக்மான் வெளியிட்ட கணக்குப்படி, 40 டிகிரி சூட்டில் ஒரு வருஷம் வைத்த லித்தியம் பேட்டரி, 40 சதவீதச் சார்ஜில் இருந்தால் 85 சதவீதக் கொள்ளளவோடு மீளும். முழுச் சார்ஜில் இருந்தால் 65 சதவீதம்தான் மிஞ்சும். விளையாடும்போது பேட்டரிப் பக்கம் 40 டிகிரி என்பது இங்கே சர்வசாதாரணம். லெனோவாவில் கன்சர்வேஷன் மோடு, அசூஸில் மைஅசூஸ் செயலி என்று பெரும்பாலான கம்பெனிகள் 60-லோ 80-லோ சார்ஜை நிறுத்தும் வசதி கொடுத்திருக்கின்றன. பெட்டி வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடலாம்.

டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டாலோ, அடிமூடி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றோடு விளையாட்டு நிற்க வேண்டும். அழுத்தி மூடக் கூடாது, காற்றை எடுக்கிறேன் என்று ஊசியால் குத்தவே கூடாது, தீப்பிடிக்கும். கழற்றியதைக் குப்பையில் போடாமல், பிளாஸ்டிக் வாங்க வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனைக்காரர்களிடம் வீங்கிய பேட்டரி என்று தனியாகச் சொல்லி, எங்கே கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கிளீன் கேரளா கம்பெனி மின்கழிவை எடுத்துக்கொள்கிறது. அவர்கள் வாங்கிக்கொள்ளும்வரை மொட்டை மாடியிலோ ஜன்னல் திண்டிலோ வைக்காமல், வெயில் படாத இடத்தில், மணல் போட்ட மண்சட்டியில் வைத்திருங்கள்.